சுவிட்சைத் தட்டுவதற்கு முன்: வீட்டில் அசெம்பிள் செய்த கணினிக்கான கடைசிச் சோதனைகள்

கணினியை நாமே அசெம்பிள் செய்யும்போது நேரும் பிழைகள் இரண்டு வகைப்படும். ராம் முழுதாக உட்காராமல் இருப்பது, மானிட்டர் கேபிளைத் தவறான போர்ட்டில் செருகுவது போன்றவற்றால் திரை இருண்டு கிடக்குமே தவிர எந்தப் பாகமும் கெடாது. பிழையைத் தேடித் திருத்திவிட்டு மறுபடியும் சுவிட்சைத் தட்டலாம். மதர்போர்டுக்கு அடியில் ஒரு திருகு சிக்கிக் கிடப்பதும், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) கேபிளைப் புதியதில் செருகிவிடுவதும் அப்படியல்ல. சுவிட்சைத் தட்டிய அந்த நொடியிலேயே பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் கருகிவிடலாம், அந்தச் சேதம் பெரும்பாலும் வாரண்டியிலும் வராது. ஆகவே கடைசிச் சோதனையைப் பாகங்களைப் பொருத்திய வரிசையில் செய்யாமல், எரிக்கக்கூடியவற்றை முதலிலும் இயங்கவிடாமல் வைப்பவற்றைப் பிறகும் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. நம் கவனம் கூர்மையாக இருப்பது முதல் கால் மணி நேரம்தான். அதை விலை உயர்ந்த பிழைகளுக்குச் செலவிட வேண்டும்.

பெங்களூரில் பாகங்கள் வாங்கப் பலரும் போகும் இடம் எஸ்.பி. ரோடு, சாதர் பத்ரப்பா ரோடு என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். சனிக்கிழமை காலையில் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி, கடை கடையாக விலை விசாரித்து, பெட்டிகளோடு வீடு திரும்பி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினால், எல்லாவற்றையும் பூட்டி முடிக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் பவர் கேபிளைச் செருகாமல் போய்ப் படுத்துவிட்டு, காலை வெளிச்சத்தில் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். தேவையானவை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மொபைல் டார்ச், மதர்போர்டின் கையேடு ஆகியவை மட்டுமே. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. கேபினட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இரு புறத் தகடுகளையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பவர் கேபிள் வெளியே கிடக்கட்டும்.

முதலில் சுவர்

மூன்று துளைப் பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய வாடகை வீடுகளில் இது நன்றாகத் தெரியும். அல்சூரில் நான் முதலில் குடியிருந்த மாடி வீட்டில், கணினி ஓடும்போது வெறுங்காலுடன் தரையில் நின்று கேபினட்டின் பின்தகட்டைப் புறங்கையால் தடவினால், எறும்பு ஊர்வதைப் போலச் சுருசுருவென்று ஓர் உணர்வு தெரியும். எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது, மேல் துளைக்குப் போக வேண்டிய பச்சை வயர் எதிலும் இணைக்கப்படாமல் சுருட்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தது.

இதன் காரணம் எளியது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவிடத்தில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உலோகக் கூட்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவு கையில் சுருக்கென்று படுவதோடு நின்றுவிடும் என்றாலும், அதே நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது முனையில் பொறி பறந்து போர்ட் பழுதாகலாம். பின்னாளில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையான பழுது ஏற்பட்டால் முழு மின்சாரமும் கேபினட்டில் வந்து நிற்கும்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எண் நிலையில்லாமல் அலைந்தாலோ மிகக் குறைவாக இருந்தாலோ எர்த் இல்லை என்று பொருள். மின்சாரம் உள்ள துளைகளில் மீட்டர் முனையை விட்டுப் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே முறை. சிலர் பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, எர்த் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நியூட்ரல் வயர் எங்கேனும் விட்டுப்போனால் கேபினட்டில் 230 வோல்ட் ஏறிவிடும் என்பதால் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

இக்கால எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்றுக்கொள்ளும். பழைய அல்லது மலிவான ஒன்றில் பின்புறம் சிவப்பாக ஒரு சிறிய நகர்த்தும் சுவிட்ச் தென்பட்டால், அது 230 என்ற எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். 115இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் பட்டென்று வெடித்துப் புகை வரும். முதல் முறை இயக்கும்போது யுபிஎஸ்ஸையும் இடையில் வைக்க வேண்டாம். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும். கணினி நின்றுபோனால் பிழை யுபிஎஸ்ஸிலா கணினியிலா என்று தெரியாமல் குழம்ப நேரிடும்.

மதர்போர்டுக்கு அடியில்

மதர்போர்டின் அடிப்பக்கம் முழுவதும் சாலிடர் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை கேபினட் தகட்டைத் தொடாமல் இருப்பதற்காகவே ஸ்டாண்ட்-ஆஃப் எனப்படும் பித்தளைக் கால்கள் இருக்கின்றன. முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுக்குப் பொதுவாக ஒன்பது கால்களும், மைக்ரோ ஏடிஎக்ஸுக்குப் பொதுவாக எட்டும், மினி ஐடிஎக்ஸுக்கு நான்கும் வேண்டும். ஒரு கால் குறைந்தால் போர்டு சற்று வளையும், அவ்வளவுதான். ஒரு கால் கூடினால்தான் ஆபத்து. மைக்ரோ ஏடிஎக்ஸுக்கான துளையில் முடுக்கப்பட்ட கால் ஒன்றைக் கவனிக்காமல் அதன்மேல் முழு அளவு போர்டை வைத்தால், அந்த இடத்தில் போர்டில் திருகுத் துளை இருக்காது. பித்தளை முனை நேராகச் சாலிடரில் போய் முட்டும். போர்டைப் பொருத்திய பிறகு இதைக் கண்ணால் பார்ப்பது கடினம். எத்தனை கால்களை முடுக்கினோம், எத்தனை துளைகளில் திருகு போட்டோம் என்ற இரண்டு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் போர்டைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது திருகுகளை எண்ணுவது. பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருக்கும், ஒசூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, பட்டனைத் தட்டினா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது. எஸ்எம்பிஎஸ் போயிடுச்சாண்ணா?"

"போகலப்பா, அது தன்னைத்தானே காப்பாத்திக்குது. திரும்பத் திரும்பத் தட்டாதே. மொதல்ல பிளக்கைப் பிடுங்கு, அப்புறம் திருகை எண்ணு."

எண்ணிப் பார்த்தபோது போர்டின் மேலேயே படுக்க வைக்கும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்பு அட்டையை இறுக்கும் பொடித் திருகு ஒன்று குறைந்தது. இரண்டு கைகளாலும் கேபினட்டைத் தூக்கி, காதருகே வைத்து மெதுவாகச் சாய்க்கச் சொன்னேன். போர்டுக்குப் பின்னாலிருந்து கிளுக்கென்று ஒரு சத்தம் வந்து, இன்னொரு முறை சாய்த்ததும் திருகு வெளியே விழுந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ் என்பதால் ஷார்ட்டை உணர்ந்து உடனே நின்றுகொண்டது. எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் எல்லா இடத்து ஷார்ட்டையும் அப்படி உணர்ந்துவிடாது. எனவே போனில் யாரையாவது கூப்பிடும் அளவுக்கு வருவதற்கு முன்பே, வேலை முடிந்த எந்தக் கேபினட்டையும் இப்படி ஒரு முறை சாய்த்துக் கேட்டுவிடுவது நல்லது; கிராஃபிக்ஸ் கார்டு கனமாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சாய்க்கவும்.

பின்புறத்தில் போர்ட்டுகளைச் சுற்றிப் பொருந்தும் ஐஓ தகட்டில் மெல்லிய உலோக நாக்குகள் இருக்கும். அவற்றில் ஒன்று மடிந்து லேன் அல்லது யுஎஸ்பி போர்ட்டுக்குள் நுழைந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. டார்ச் அடித்து வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

கேபிள்கள்

மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றிச் செருகக்கூடியது, வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விதியை மட்டும் மறக்கவே கூடாது: அந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு பெட்டியில் வந்த கேபிள்களைத் தவிர வேறு எதையும் அதில் செருகக் கூடாது. மதர்போர்டு பக்கத்து முனையின் அமைப்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படிப் பொதுத் தரம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட வேறுபடலாம். வடிவம் ஒன்றாக இருப்பதால் கேபிள் வழுவழுவென்று உள்ளே போய்விடும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் வரும். ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிளைச் சோம்பலால் அப்படியே விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றியவர்கள் ஹார்ட் டிஸ்கையும் அதிலிருந்த படங்களையும் இழந்தது இப்படித்தான்.

சிபியுவுக்கான எட்டு பின் கேபிளும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான எட்டு பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது நான்கும் நான்குமாகப் பிரியும், பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட் வரிசையும் கிரவுண்ட் வரிசையும் எதிரெதிராக அமைந்திருப்பதால், மாற்றிச் செருகினால் நேரடி ஷார்ட்டுதான். தவறிப் போகாமலிருக்க முனைகளின் வடிவத்தை வேறுபடுத்தியிருக்கிறார்கள். முரட்டு விரல் அதையும் மீறி அழுத்திவிடும். எந்தக் கனெக்டராவது வழக்கத்தைவிட அதிகப் பலம் கேட்டால் நிறுத்திவிட்டு, கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இடம் சரியாக இருக்கும்போது கொக்கி டக்கென்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கனெக்டர் மட்டும் இதற்கு விலக்கு. அதற்கு நிஜமாகவே பலம் வேண்டும். அழுத்தும்போது போர்டு வளையாமல், ஓரத்தை மற்றொரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

2022இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டோடு பரவலான பதினாறு பின் கனெக்டர் 600 வாட் வரை ஏற்றுவது. அது ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும், மின்னோட்டம் ஒரு சில பின்களில் மட்டும் குவிந்து சூடேறி, பிளாஸ்டிக் உருகிவிடும். 2023இல் வந்த திருத்தப்பட்ட வடிவத்தில் கனெக்டர் உட்கார்ந்ததைக் கார்டுக்குத் தெரிவிக்கும் உணர்பின்களைக் குட்டையாக்கியிருப்பதால் சரியாக உட்காராத கனெக்டரில் கார்டு முழு மின்சாரம் கேட்காது. என்றாலும் பார்க்கும் வேலை நம்முடையதுதான். கனெக்டரின் விளிம்புக்கும் சாக்கெட்டுக்கும் இடையே டார்ச் வெளிச்சத்தில் இடைவெளி தெரியக் கூடாது. கேபிள் கனெக்டரிலிருந்து குறைந்தது 35 மில்லிமீட்டர் நேராக வந்த பிறகே வளைய வேண்டும். கேபினட்டின் கண்ணாடித் தகடு அந்தக் கேபிளை அழுத்துகிறதா என்பதையும் இப்போதே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அலங்கார விளக்குகளில் மூன்று பின் உள்ளது 5 வோல்ட், நான்கு பின் உள்ளது 12 வோல்ட். மூன்று பின் விளக்கை நான்கு பின் ஹெடரில் (கேபிளைச் செருகப் போர்டில் நிற்கும் பின் வரிசை) எப்படியோ நுழைத்துவிட்டால் விளக்குகள் அத்தனையும் எரிந்துபோகும். ஹெடருக்கு அருகில் போர்டிலேயே வோல்ட் அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் மொபைல் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்பக்க யுஎஸ்பி 3 கேபிளின் பத்தொன்பது பின் ஹெடரில் ஏதேனும் பின் மடிந்திருக்கிறதா என்பதையும் அதே படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கூலர்

கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; எம்.2 எஸ்எஸ்டியின் மேல் மூடும் உலோகத் தகட்டின் வெப்பப் பட்டையிலும் அதே போன்ற தாள் உண்டு. உரித்தெடுத்த தாள் கையில் இருந்ததா, குப்பையில் கிடக்கிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நினைவுக்கு வராவிட்டால் கழற்றித் துடைத்துவிட்டு, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இடுங்கள்.

இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் பெரும்பாலும் நான்கு அழுத்துப் பின்கள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் நான்கும் பூட்டியதுபோலவே தோன்றும். கேபினட்டின் மறுபக்கத் திறப்பு வழியாகப் போர்டின் பின்புறத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நான்கு துளைகளிலும் வெள்ளைக் கவ்வைப் பிளந்துகொண்டு கறுப்புப் பின் வெளியே வந்திருக்க வேண்டும். கூலரின் ஃபேன் வயர் சிபியு ஃபேன் என்று குறித்த ஹெடரில்தான் இருக்க வேண்டும். வேறொன்றில் இருந்தால் பல போர்டுகள் ஃபேன் இல்லை என்று சொல்லி ஆரம்பத்திலேயே நின்றுவிடும். எல்லா ஃபேன்களையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எந்த வயரும் இறக்கையில் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை இருளாமல் இருக்க

இனி வருபவை தவறினாலும் எதுவும் எரியாது, விரைவாகப் பார்த்துவிடலாம். ராம் இரண்டு என்றால், பெரும்பாலான போர்டுகளில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்க வேண்டும். இரு ஓரத்திலும் கொக்கி பூட்டியிருக்க வேண்டும். சிபியுவுக்கான எட்டு பின் கேபிளையே மறந்துவிட்டால் ஃபேன்கள் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பவர் பட்டனின் இரு பின் கனெக்டருக்குத் திசை கிடையாது, எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். எல்ஈடி கனெக்டர்களுக்குத் திசை உண்டு, மாறினால் விளக்கு எரியாது, அவ்வளவே. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும். இன்டெல்லில் எண்ணுக்குப் பின் எஃப் என்ற எழுத்து உள்ள சிபியுக்களிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸே இல்லை; அவற்றோடு மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட் எப்போதும் இருட்டுதான்.

சுவிட்ச்

மானிட்டர், கீபோர்டு ஆகியவற்றை முதலில் இணைத்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்ச் வட்டக் குறியின் பக்கம் அழுந்தியிருக்கும்போதே பவர் கேபிளைச் செருகி, சுவர் சுவிட்சைப் போட்டு, கடைசியாக எஸ்எம்பிஎஸ் சுவிட்சைக் கோட்டுக் குறியின் பக்கம் அழுத்துங்கள். பல போர்டுகளில் இப்போதே ஒரு சிறு விளக்கு எரியும். கணினி அணைந்திருக்கும்போதும் போர்டுக்கு வரும் காத்திருப்பு 5 வோல்ட் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஒரு கையைச் சுவர் சுவிட்சின் அருகில் வைத்துக்கொண்டு பவர் பட்டனைத் தட்டுங்கள். முதல் பத்து நொடிகள் திரையைப் பார்க்காமல் உள்ளே பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கருகல் வாடையோ படபடவென்ற சத்தமோ வந்தால் காரணத்தை யோசிக்காமல் சுவர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

ஃபேன்கள் சுற்றியும் திரை வராமல் இருந்தால் உடனே பதற வேண்டாம். டிடிஆர்5 ராம் உள்ள கணினிகள், முக்கியமாக ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டுகள், முதல் முறை இயங்கும்போது ராமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் திரை இருண்டும், போர்டில் ராமுக்கான சோதனை விளக்கு எரிந்தும் இருக்கும். இது தெரியாமல் இடையில் அணைத்து அணைத்துப் போடுபவர்கள் வேலையை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து செய்ய வைக்கிறார்கள். ஒரு காபி போட்டுக் குடிக்கும் நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் விளக்கு நகரவில்லை என்றால், அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரே ஒரு ராமை மட்டும் வைத்து மறுபடியும் முயலுங்கள். போர்டில் உள்ள நான்கு சோதனை விளக்குகளில் எது நிலையாக நிற்கிறதோ, சிபியு, ராம், கிராஃபிக்ஸ், பூட் என்ற வரிசையில் அங்கேதான் தடை இருக்கிறது.

பயாஸ் திரை (இயங்குதளத்துக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) வந்ததும் சிபியுவின் பெயர், ராமின் மொத்த அளவு, எஸ்எஸ்டி ஆகிய மூன்றும் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு சிபியு வெப்பநிலையை மட்டும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். பெங்களூர் அறையில் அது 35 முதல் 50 டிகிரிக்குள் வந்து நின்றுவிடும். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் சிபியுவிலும் அப்படியே ஏறும் என்பதால், மே மாதச் சென்னையில் இதே கணினி பத்து டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் குற்றமில்லை. ஆனால் எண் நிற்காமல் ஏறி 80ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அந்தப் பிளாஸ்டிக் தாள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளை இன்றைக்குத் தொட வேண்டாம். இயங்குதளத்தை நிறுவி ஓரிரு நாள் ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, போர்டின் விளக்கு மங்கி அணையும் வரை காத்திருந்து, அதன் பிறகே கேபிள்களைக் கட்டித் தகடுகளை மூடுங்கள். சிபியு சாக்கெட்டிலிருந்து கழன்று வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி மேசையில் எங்காவது கிடக்கும். அதை மதர்போர்டுப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால், சாக்கெட்டின் பின்களைக் காக்க அந்த மூடியைப் பொருத்தித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.